உடைத்துப் போட்ட அச்சு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கில்மார்ட்டின் ஊருக்குத் தெற்கே, ஒரு பெரிய சதுப்பு வெளியிலிருந்து ஒற்றைப் பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. உயரம் ஐம்பது மீட்டரைச் சற்றே தாண்டும். அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஆட் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆற்றின் பெயரே குன்றுக்கும் அமைந்துவிட்டது: டனாட், அதாவது ஆட் ஆற்றங்கரைக் கோட்டை. அயர்லாந்தின் வடகிழக்கையும் ஸ்காட்லாந்தின் இந்தக் கரையையும் ஒரே கடலால் இணைத்து ஆண்ட டால் ரியாட்டா என்னும் கேலிக் அரசுக்கு இது தலைமைக் கோட்டையாக இருந்தது.

தலைமைக் கோட்டை என்றதும் மனம் மதிலையும் கொத்தளத்தையும் தேடும். இங்கே அவை குறைவு. கட்டியவர்கள் பாறையோடு மல்லுக்கு நிற்கவில்லை. அது விட்ட இடத்தில் மட்டும் தொடர்ந்திருக்கிறார்கள். செங்குத்தாக இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டு, சரிவு தாழும் இடங்களில் மட்டும் கல்லடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பாறை தானாகப் பிளந்து நிற்கும் ஒரு வெடிப்புதான் வாசல். உச்சியில் சின்னதாக ஓர் அகக்கோட்டை, அதற்குக் கீழே படிப்படியாக மதில் சூழ்ந்த தளங்கள். தளத்துக்குத் தளம் இடம் சுருங்கிக்கொண்டே போகும். மேலே போகப் போகக் கூட்டம் குறைந்து, கடைசியில் ஒருவர் மட்டும் நிற்கும்படி அமைந்த இடம் போல எனக்குத் தோன்றும்.

அந்த ஒருவர் நின்ற இடமும் இருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே, தரையோடு தரையாகக் கிடக்கும் பாறைப் பரப்பில் ஒரு பாதம் குடைந்திருக்கிறார்கள். விரல்கள் கிடையாது, குதிகாலும் முன்பாதமும் சேர்ந்த புறக்கோடு, அதற்குள் சீரான ஆழம், அவ்வளவுதான். பாதம் பொறித்த கல் என்றதும் நமக்குக் கைகூப்பத் தோன்றும். இந்தப் பாதம் கும்பிடுவதற்கல்ல, காலை வைப்பதற்கு. புதிதாக அரசுரிமை ஏற்பவர் முன்னோரின் தடத்தில் தன் காலைப் பொருத்தி நிற்பார் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அயர்லாந்தில் குலத் தலைவர்கள் பதவியேற்கும்போது பாதம் செதுக்கிய கல்லின் மேல் நிற்பதுண்டு என்று 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரும் எழுதியிருக்கிறார். முடி, அரியணை, செங்கோல் எதுவும் வேண்டாம்; ஒரு கால் அளவு பள்ளம் போதும். காலை அதில் வைத்தவரின் பார்வை தானாகவே சதுப்பையும் ஆற்றையும் தாண்டி, தான் ஆளப்போகும் நாட்டின் மீது விழும்.

பாதத்துக்கு அருகிலேயே ஒரு காட்டுப்பன்றி. கோட்டால் மட்டும் கீறிய உருவம். ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்களின் கற்களில் காணும் விலங்குகளின் சாயல் இதற்கு உண்டு. பிக்ட் மன்னர் ஓயங்குஸ் 736-இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார், செல்பாக் என்பவரின் இரு மகன்களைச் சங்கிலியில் பிணைத்தார் என்று அல்ஸ்டர் ஆண்டேடு சொல்கிறது. அதனால் இந்தப் பன்றி, வென்றவரின் முத்திரை என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வென்றவர் அவசரத்தில் கீறியது போலவா இருக்கிறது? பாதத்தின் பக்கத்தில், அதே பரப்பில், அதற்குத் துணையாக வந்தது போல அடக்கமாக நிற்கிறது. அதே பாறையில் ஓகம் எழுத்தும் உண்டு: ஒரு கோட்டின் இருபுறமும் குறுக்காகவும் வெட்டிய நேர்கீறல்களே எழுத்தாகும் முறை.

ஆனால் டனாட்டின் நயம் முழுவதையும் நான் காண்பது கீழ்த்தளத்து மண்ணில் கிடைத்த சுட்ட களிமண் துணுக்குகளில்தான். 1904-05-இல் டேவிட் கிறிஸ்டிசன் தோண்டினார்; 1929-இல் ஹியூவட் கிரா தோண்டினார்; 1980-81-இல் ஆலன் லேன் மறுபடி தோண்டினார். இந்தக் கடைசி அகழாய்வில்தான் பொற்கொல்லர் பட்டறையின் கழிவு குவியலாக அகப்பட்டது. உலோகம் உருக்கும் மூசைகள், உலைக்கழிவு, எல்லாவற்றுக்கும் மேலாக வார்ப்பு அச்சுகளின் உடைசல்.

அந்த அச்சுகளில் வார்த்தது புரூச் என்னும் அணி. வாய் பிளந்த வளையம் ஒன்று, அதில் ஒரு நீண்ட ஊசி. தோளில் போர்த்திய ஆடையைப் பிணைப்பதற்கு. முதலில் மாதிரி ஒன்றைச் செய்து, நயமான களிமண்ணில் அழுத்தி எடுப்பார்கள். இரண்டு பாதி அச்சுகளையும் பொருத்திக் காயவைத்துச் சுட்டு, வாய்வழியே உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் அணி வெளியே வரும். ஓர் அச்சு, ஓர் அணி. மறுமுறை கிடையாது. அணி யாரோ ஒருவரின் தோளேறிப் போய்விட்டது. அச்சு குப்பைக்குப் போனது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து அதுவே நமக்குக் கிடைத்தது.

நகத்தளவு துணுக்குகளில்கூட வேலைப்பாடு தெரிகிறது. வளைந்த அலகோடு ஒரு பறவைத்தலை, அதைச் சுற்றும் விளிம்புக்கோடு. எல்லாம் தலைகீழ்: உலோகத்தில் புடைக்க வேண்டியது மண்ணில் குழிந்திருக்கிறது. அந்தக் குழிவைப் பார்த்துப் புடைப்பை மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். பாறையில் இருந்த பாதமும் இப்படித்தானே! கால் போய்விட்டது, குழிவு நிற்கிறது. ஹன்டர்ஸ்டன் புரூச் என்று எடின்பரோ அருங்காட்சியகத்தில் ஒரு பேரணி உண்டு. பொன்னிழையும் ஆம்பர் மணியும் பதித்து, பறவைத்தலைகள் அமைத்தது. டனாட்டின் மண்துணுக்குகளை அறிந்த பிறகு அதைப் பார்ப்பவருக்கு, இத்தகைய அணிகள் எந்தப் பாறைக்குன்றின் உலையருகே பிறந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் வராமல் இராது.

மூசைகளின் அளவையும் சொல்ல வேண்டும். பல, உள்ளங்கையில் அடங்கிவிடும். வெள்ளியையும் பொன்னையும் சொட்டுச் சொட்டாகத்தான் உருக்கினார்கள் என்பதற்கு அந்தச் சிறுமையே சாட்சி.

இன்னொரு பொருள், ஒரு சிறு மஞ்சள் கட்டி. ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த கனிமம். தமிழில் அதற்குப் பழம்பெயரே உண்டு, அரிதாரம். நமக்குக் கூத்தரின் முகப்பூச்சாக அறிமுகமான சொல். டனாட்டுக்கு அது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். தோல்சுவடிகளில் பொன்மஞ்சளுக்கு அதைத்தான் அரைத்துத் தீட்டுவார்கள். கெல்ஸ் நற்செய்திச் சுவடியில் ஒளிரும் மஞ்சளும் அதுவே. இந்தக் கட்டியைக் கொண்டுவந்த கப்பலையும் ஓரளவு ஊகிக்கலாம். மேற்குப் பிரான்சில் வனைந்த மட்கலங்கள் டனாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. அயோனா மடத்துத் தலைவர் அடோம்னான் தாம் எழுதிய, கொலம்பா என்ற துறவியின் வரலாற்றில், நாட்டின் தலையிடம் ஒன்றில் அந்தத் துறவி கௌல் (இன்றைய பிரான்ஸ்) நாட்டு மாலுமிகளைச் சந்தித்ததாகக் கூறுகிறார். அந்தத் தலையிடம் டனாட் என்று கருதுவோர் உண்டு.

அயோனாவின் வாசனை வேறு இரண்டு பொருள்களிலும் அடிக்கிறது. ஒன்று திரிகையின் மேற்கல். அதில் சிலுவை செதுக்கியிருக்கிறது. மாவரைக்கும் கல்லுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர் யாரோ. அந்தச் சிலுவையின் பாணியைக் கொண்டே யூவன் கேம்பல் என்ற ஆய்வாளர் டனாட்டுக்கும் அயோனா மடத்துக்கும் இருந்த உறவை எடுத்துக்காட்டினார். மற்றது வட்டமான ஒரு சிறு கல்; அதில் இடைவெளியில்லாமல் கீறிய லத்தீன் எழுத்துகள், ‘பெயரால்’ என்று பொருள்படும் தொடக்கம் மட்டும். யார் பெயரால் என்பதை எழுதவில்லை. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது சொல்லாமலே தெரியும்.

இன்று மேலே ஏறுபவர் கால் வைப்பது மூலப் பாறையில் அல்ல. மழையும் செருப்பும் தேய்த்துவிடாமல் காக்க, அதன்மேல் நகல் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். பழைய குழிவு அதன் அடியில் இருட்டில் இருக்கிறது. நகல் என்று தெரிந்தும் வருகிறவர்கள் காலை வைத்துப் பார்க்காமல் இறங்குவதில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள்.