கோடரியும் அணுக்கருவும்

அணுப்பிளவைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாகக் கையாளும் உவமை ஒன்று உண்டு. நியூட்ரான் கோடரி, யுரேனியம் விறகுக்கட்டை, ஓங்கி அடித்ததும் கட்டை இரண்டாகிறது. மனத்தில் எளிதாகப் பதியும் இவ்வுவமை, ஒரு தவறான எண்ணத்தையும் சேர்த்தே பதித்துவிடுகிறது.

யுரேனியம்-235-ஐ எளிதில் பிளப்பது வேகமான நியூட்ரான் அன்று. மெதுவாக உலவும் நியூட்ரானே. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.025 எலக்ட்ரான் வோல்ட். ஓங்காத கோடரி விறகைப் பிளக்குமா? கருவைக் கிளர்வுறச் செய்வது அடியின் வேகம் அன்று. நியூட்ரான் உள்ளே பிணையும்போது வெளிப்படும் ஆற்றலாகும். அது சுமார் 6.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இவ்வாறு உண்டாகும் யுரேனியம்-236 பிளவுபடத் தாண்ட வேண்டிய தடையோ 6 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. யுரேனியம்-238-க்குக் கிடைப்பது 4.8 மில்லியன் மட்டுமே. அதன் தடை 6 மில்லியனுக்கு மேல். ஆகவே மெதுவான நியூட்ரானை விழுங்கினாலும் அது பிளவதில்லை. கதிரியக்கச் சிதைவால் படிப்படியாகப் புளூட்டோனியம்-239 ஆகிறது.

தடையைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும் கரு உடனே பிளந்துவிடுமா? இல்லை. நீல்ஸ் போர் 1936-இல் கூறிய கூட்டுக்கருக் கொள்கைப்படி, வந்த ஆற்றல் எல்லாத் துகள்களுக்கும் பங்காகிவிடுகிறது. கோலிகள் நிறைந்த கிண்ணத்தில் இன்னொரு கோலியை உருட்டிவிட்டால் எதுவும் விளிம்பைத் தாண்டாததுபோல! சிதறிய ஆற்றல் மீண்டும் ஒன்றுகூடிக் கருவை நீட்டி இழுத்தால்தான் பிளவு. அதற்குள் காமாக்கதிரை உமிழ்ந்து கரு அமைதியடையவும் கூடும். மெதுவான நியூட்ரானை ஏற்ற 100 யுரேனியம்-235 கருக்களில் ஏறத்தாழ 85 பிளவுறுகின்றன, 15 பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்த யுரேனியம்-236-இன் அரை ஆயுள் 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கோடரி உவமையில் இந்தப் பதினைந்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் எந்த உவமை பொருந்தும்? போரும் வீலரும் 1939-இல் விளக்கிய திரவத்துளி. நீண்டு இடை சிறுத்து அறும் துளி, தடை என்னும் கருத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. துளி சரிபாதியாக அறுந்தால், யுரேனியமும் அவ்வாறே பிளவுற வேண்டும். உண்மையில் பெரும்பாலும் ஒரு துண்டின் நிறை எண் 95-ஐயும், மற்றதன் எண் 140-ஐயும் ஒட்டி அமைகின்றன. துகள்கள் கூடுகளாக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். கிளர்ச்சி மிகும்போது கூடுகளின் விளைவு மங்கி, கரு துளியை ஒத்து நடக்கிறது. சரிபாதிப் பிளவும் மிகுகிறது.

அந்தப் போர் 1960-இல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணனின் இல்லத்தில் இளம் மாணவர்களைச் சந்தித்தார். 1962-இல் இராமகிருஷ்ணன் தலைமையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அது இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது. அவர் கால் பதித்த ஊரின் மாணவர்களுக்கு இன்னும் கோடரியையா காட்டுவது? அடுத்த முறை அந்த உவமையைப் படிக்கும்போது, பிளவுறாத 15 கருக்களைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.