சுருக்கம் மட்டும் போதுமா?

கணிப்பொறி ஆர்வலர்களிடையே ஒரு புதிர் விளையாட்டு உண்டு. இரண்டு பெயர்ப் பட்டியல்கள் தரப்படும். முதற்பட்டியல் முழுவதற்கும் பொருந்தி, இரண்டாவதில் ஒன்றுக்கும் பொருந்தாத தேடற்குறியை மிகக் குறைந்த எழுத்துகளில் எழுதவேண்டும். 2014இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் நார்விக், அந்நாட்டு அதிபர் தேர்தலில் வென்றோரையும் தோற்றோரையும் இவ்வாறு பிரிக்க ஒரு நிரலே எழுதினார்.

நம் ஊர்ப் பெயர்களில் சோதித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம், கவுண்டம்பாளையம் வேண்டும். போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை கூடாது. ‘ப’ உதவாது. கணிப்பொறி ‘போ’வை ‘ப’ என்றும் ஓகாரக் குறி என்றும் பிரித்தே வைத்திருப்பதால் போத்தனூரும் சிக்கிவிடும். ‘ள’ என்ற ஓரெழுத்தே போதும், வெற்றி! ஆனால் அதே ரயில் பாதையில் எட்டிமடைக்கு அடுத்த நிலையம் வாளையாறு. அதைச் சேர்த்தால் ‘ள’ பொய்த்துவிடும். ‘பாளையம்’ என்று முழுமையாக எழுதியவர் ஆட்டத்தில் தோற்றிருப்பார். அவருடைய விடையோ நிலைத்து நிற்கும்.

இவ்விளையாட்டின் குறை இதுவே. கொடுத்த பட்டியலுக்கு விடை காண்பது வேறு. விதியைக் காண்பது வேறு. நன்னூல், சுருங்கச் சொல்வதை நூலுக்கு அழகென்றது. குறைபடச் சொல்வதைக் குற்றமென்றது.

மாணவர்களே, ஆடுங்கள், சிக்கனம் பழகும். ஆனால் விடை கண்டதும், பட்டியலில் இல்லாத பத்துப் பெயர்களையும் கொடுத்துப் பாருங்கள்.