வழக்கும் வழக்கமும்: கமுதித் தீர்ப்பை முன்வைத்து

தமிழில் 'வழக்கு' மரபையும் குறிக்கும், கோர்ட் வியாஜ்யத்தையும் குறிக்கும். இந்த இரட்டை அர்த்தம் எவ்வளவு குரூரமானது என்பதைக் கமுதியில் பார்க்கலாம்.

1897 மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டார்கள். தர்மகர்த்தாவான இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் மதுரை சப்கோர்ட் அவர்கள் நுழையத் தடை விதித்தது. கோயிலைச் சுத்திகரிக்கப் பணம் கட்டச் சொன்னது. சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தன.

தீர்ப்பை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் தர்க்கம் இதுதான்: இதுவரை நீ உள்ளே வந்ததில்லை, ஆகவே வர உனக்கு உரிமையில்லை. வரவிடாமல் தடுத்தது யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. விலக்கி வைத்ததே விலக்கி வைப்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. தீட்டுக்கு ரூபாய்க் கணக்குப் போட்டது வெள்ளைக்காரன் கோர்ட்டுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசணும். அன்றைய நாடார் தலைவர்கள் 'எல்லாருக்கும் கோயில்' என்று கேட்கவில்லை. 'நாங்கள் சத்திரியர்' என்றுதான் கேட்டார்கள். ஏணியை அப்படியே விட்டுவிட்டுத் தன் படியை மட்டும் மாற்றக் கேட்டால் நீதிபதிக்கு வேலை சுலபம்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளோடு ஒரு நாடாரும் நுழைந்தார். சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.