படம் எங்கே விழும்?

எங்கள் அலுவலகத்தில் கட்டுரைகளை வலையேற்றும் எடிட்டருக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு வசதி வந்து சேர்ந்தது. கணினித் திரையில் கிடக்கும் படத்தை மவுஸால் பிடித்து இழுத்துவந்து, கட்டுரையில் வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். மற்ற இடங்களில் இது பழைய சரக்கு. ஜிமெயிலில் 2010-லேயே கடிதத்துக்குள் இப்படிப் படம் போட முடிந்தது. கிட்ஹப் 2012-ல் கொண்டுவந்தது. வேர்ட்பிரஸ் எடிட்டருக்கு 2014-ல் வெளியான 3.9 பதிப்பில் வந்தது. அதனால் வசதி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. படத்தைக் கையிலிருந்து விடுவதற்கு முன்பே அது எங்கே விழும் என்று எடிட்டர் சொல்கிறதா என்றுதான் பார்த்தேன்.

சொல்கிறது. படத்தோடு சுட்டியை எழுத்துகளின் மேல் நகர்த்தும்போது இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒரு நீலக் கோடு தோன்றுகிறது. சுட்டி கீழே போனால் கோடும் அடுத்த இடைவெளிக்குத் தாவுகிறது. கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே படம் உட்காருகிறது. அரை வரி மேலேயும் போவதில்லை, பத்தியை நடுவில் பிளப்பதும் இல்லை. நாள் முழுக்கக் கட்டுரை ஏற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். பழைய முறையில் பொத்தானை அழுத்தி, பெட்டியைத் திறந்து, கோப்புறைகளில் தேடி, 'சரி' கொடுத்துத் திரும்பினால், கர்சர் இருந்த இடம் மறந்துபோய்ப் படம் கட்டுரையின் தலையில் ஏறியிருக்கும். பிறகு அதை வெட்டி, கீழே கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

இந்தக் கோடு தானாக வந்துவிடுவதில்லை. இழுக்கும்போது பிரவுசர் கொடுப்பது சுட்டி நிற்கும் புள்ளியை மட்டும்தான். இத்தனை பிக்சல் வலப்பக்கம், இத்தனை பிக்சல் கீழே, அவ்வளவுதான். அந்தப் புள்ளி எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் இடையில் இருக்கிறது என்பதை எடிட்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கட்டளைகூட நெடுங்காலம் குரோமில் ஒரு பெயரிலும் பயர்பாக்ஸில் வேறு பெயரிலும் இருந்தது. எங்கள் எடிட்டர் புரோஸ்மிரர் என்ற திறமூலத் தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. மரைன் ஹாவர்பேக்கே எழுதிய இந்தத் தொகுப்பின் மேல் எனக்கு முன்பிருந்தே மதிப்பு உண்டு. விழுமிடத்தைக் காட்டுவதற்கென்றே அதில் ஒரு சின்னச் செருகுநிரல் இருக்கிறது. மாற்றாமல் விட்டால் ஒரு பிக்சல் அகலக் கறுப்புக் கோடு வரும். தமிழ் எழுத்துகளின் அடர்த்தியில் அந்தக் கோடு காணாமலே போய்விடும். எங்கள் நிரலாளர்கள் அதைத் தடிமனாக்கி நீலம் கொடுத்தது சரியான முடிவு.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அவர்கள் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டுரைக்குள் இருக்கும் படத்தை நகர்த்தினால், அதற்குப் பொருத்தமான இடைவெளியை அந்தச் செருகுநிரலே கணக்கிட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் கோப்பின் கதை வேறு. பாதுகாப்புக்காக, மவுஸை விடும் கணம்வரை கோப்பின் பெயரைக்கூட பிரவுசர் பக்கத்துக்குச் சொல்வதில்லை. ஏதோ கோப்பு வருகிறது, இன்ன வகை என்பது மட்டும்தான் தெரியும். அதனால் கோடு ஒரு சொல்லின் நடுவில்கூட நின்றுவிடும். வருவது படம் என்று தெரிந்தாலே போதும், பத்தி எல்லைக்கு நகர்ந்துவிடு என்று தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். இந்த வேலையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலே செய்ததற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

இனி என் நெடுநாள் கோபத்துக்கு வருகிறேன். படத்தைச் சரியான இடத்தில் விட்டால் எல்லா எடிட்டரும் நன்றாகத்தான் இருக்கும். கை தவறி ஓரத்து வெள்ளை இடத்திலோ தலைப்புப் பெட்டியிலோ விட்டால் என்ன நடக்கிறது? எதுவும் எழுதிவைக்காவிட்டால் பிரவுசர் தன் பழைய வழக்கப்படி அந்தப் படத்தைத் திறந்து காட்டும். புதிய டேபில் திறந்தால் பிழைத்தோம். அதே டேபில் திறந்தால் கட்டுரை இருந்த இடத்தில் படம் மட்டும்தான் இருக்கும். முன்பு நான் எழுதிவந்த ஒரு தளத்தில், சேமிக்காமல் வைத்திருந்த நீண்ட பேட்டியின் பிற்பாதி இப்படித்தான் போயிற்று. பேட்டி கொடுத்த பெரியவரிடம் மறுபடியும் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

இதன் வேர் 1999-ல் இருக்கிறது. மைக்ரோசாப்ட் அந்த ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல் வைத்த இழுத்துவிடும் ஏற்பாட்டைத்தான் பின்னால் எச்டிஎம்எல்5 அப்படியே எடுத்துக்கொண்டது. அதன்படி, படத்தை வாங்கிக்கொள்ள நினைக்கும் பக்கம் இரண்டு இடங்களில் பிரவுசரைத் தடுக்க வேண்டும். சுட்டி மேலே நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு தடை, விடும்போது இன்னொரு தடை. ஒன்றை மறந்தாலும் வேலை நடக்காது. வலை நிரலாளர் பீட்டர்-பால் காக் 2009-லேயே இந்த ஏற்பாட்டை மிகக் கடுமையாகச் சாடியிருந்தார். ஆனால் தீர்வு சில வரி நிரல்தான். அந்தத் தடைகளை எழுதும் பெட்டிக்கு மட்டும் போடாமல் முழுச் சாளரத்துக்கும் போட்டுவிட்டால், கை தவறினாலும் எதுவும் ஆகாது. எங்கள் எடிட்டரில் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் விட்டால் 'கட்டுரைக்குள் விடவும்' என்று ஒரு வரி வந்து மறைகிறது. இந்தச் சில வரிகளை எழுதாமல் இழுத்துவிடும் வசதியை வெளியிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விட்ட பிறகு நடப்பதும் நன்றாக இருக்கிறது. மங்கலான முன்காட்சி உடனே வந்துவிடுகிறது. படம் பின்னணியில் ஏறிக்கொண்டிருக்க, நான் அடுத்த வரியை எழுதலாம். கிட்ஹப்பிலும் 'ஏறுகிறது' என்ற ஒற்றை வரி இடம் பிடித்து நிற்கும், எழுதுகிறவரைக் காக்கவைக்காது. சில எடிட்டர்கள் சோம்பல்பட்டுப் படத்தை எங்கும் ஏற்றாமல், பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றிக் கட்டுரைக்குள்ளேயே திணித்துவிடுகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகும் கணக்கு அது. மூன்று எம்பி படம் நான்கு எம்பி எழுத்தாகி, ஒவ்வொரு தானியங்கிச் சேமிப்பின்போதும் கட்டுரையோடு சேர்ந்தே போய்வரும். கைபேசி இணைப்பில் வேலை செய்யும் மாவட்டச் செய்தியாளர்களுக்கு இது தண்டனை. எங்கள் எடிட்டரில் அந்தக் குறை இல்லை.

குறைகள் மூன்று. வேறொரு வலைப்பக்கத்திலிருந்து படத்தை இழுத்துவந்தால், படத்தை எடுத்துக்கொள்ளாமல் அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்தத் தளம் படத்தை நீக்கினால் நம் பக்கத்தில் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். தமிழில் பெயரிட்ட கோப்பின் முகவரி நம்ப முடியாத அளவு நீள்கிறது. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது எழுத்து. 'படம்' என்று பெயர் வைத்தாலே 36 எழுத்து ஆகிவிடும். ஏற்றும்போதே சுருக்கமான எண்ணாக மாற்றிவிடலாம். மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மாற்று உரை இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் பெயரையே நிரப்பிவிடுகிறது. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் வழியே கட்டுரையைக் கேட்கும்போது, படத்தில் வெள்ளத்தில் நிற்கும் தெரு இருந்தாலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. கேமரா வைத்த எழுத்தும் எண்களும்தான் காதில் விழும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு, நிரப்பாமல் வெளியிட முடியாதபடி செய்வதே நியாயம்.

இந்த வசதி வந்ததும் பழைய 'படம் சேர்' பொத்தானை மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் தள்ளிவிட்டார்கள். களத்திலிருந்து கைபேசியில் கட்டுரை ஏற்றுகிறவருக்கு இழுத்துவிடுவது பெரும்பாலும் எட்டாத வசதி. கை நடுங்குகிறவர்களுக்கும் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் அப்படியே. இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்று 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. பொத்தானை எடுக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்திருக்கிறோம் என்கிறார்கள் வடிவமைப்பாளர்கள். அடுத்த பதிப்பில் அது மேல்வரிசைக்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீலக் கோட்டில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.