சைலன்சர் மாற்றியாச்சு, டியூனிங் வேண்டுமா?

ஏர் பில்டரையும் சைலன்சரையும் மாற்றிய காருக்கு, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவில் டியூனிங் செய்தே ஆக வேண்டுமா? அல்லிநகரத்திலோ போடியிலோ பழைய ஸ்விஃப்ட் வைத்திருக்கும் இளைஞர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ‘டியூன் பண்ணலைன்னா இன்ஜின் போயிரும்ணே’ என்பது ஒன்று. ‘அதெல்லாம் கம்ப்யூட்டரே சரி பண்ணிக்கிரும்’ என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி நம் காருக்குப் பொருந்தும் என்று தெரியாமல்தான் சிலர் காசை விடுகிறார்கள், சிலர் பிஸ்டனை விடுகிறார்கள்.

இரண்டாவது பதிலை முதலில் பார்ப்போம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எரிந்த காற்றைப் பார்த்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஈசியூ அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கும். ஆகவே கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே வேறு பில்டர் போடுவதற்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றுவதற்கும் டியூனிங் தேவையில்லை. சொல்லிக்கொள்ளும்படி பிக்கப்பும் கூடாது. கிடைப்பது சத்தம்தான், தெருக்காரர்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

பெட்டியையே கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு பில்டர் போடுபவர்கள் ஒரு படி கீழே போகிறார்கள். கம்பெனிக் குழாய் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்தது. கூம்பு, இன்ஜின் அறைக்குள் கொதிக்கிற காற்றை இழுக்கிறது. தேனியின் மே மாத வெயிலில் இது பவரைக் கூட்டாது, குறைக்கும். இதற்கு டியூனிங் மருந்தல்ல. பழைய பெட்டியைத் திரும்ப மாட்டுவதுதான் மருந்து.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை உடைவது முழு ஆக்சிலேட்டரில். அப்போது பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் ஈசியூ ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. கம்பெனி எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்தே பெட்ரோலை ஊற்றுகிறது. அந்த அட்டவணை பழைய குழாய்களுக்கு எழுதியது. இன்ஜினிலிருந்து புகை முதலில் வெளியேறும் குழாயான ஹெடரை மாற்றி, கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டால் இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவு மாறுகிறது. காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார் இதை ஓரளவு புரிந்துகொள்ளும். உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் காருக்கு அவ்வளவு விவரம் தெரியாது. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பல இந்த இரண்டாவது வகை. காற்று கூடிப் பெட்ரோல் பற்றாமல் போனால் சூடு ஏறும், இன்ஜின் ‘தட்டும்’.

தட்டுவதற்குத் தோதான இடமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது வண்டியின் வேகம் குறைவு, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் குறைவு, இன்ஜினுக்குச் சுமையோ முழுசு. நெடுஞ்சாலையில் சில விநாடி மட்டுமே படும் பாட்டை இங்கே கார் வெகுநேரம் படுகிறது. தேனி பைபாஸில் ‘சூப்பரா இழுக்குது’ என்று பார்த்துவிட்டு வருவதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதோடு இன்றைய பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு காற்று போதும். எனவே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் கார், 10 சதவீதக் கலவையில் ஓடியதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. பழைய கார்களில் ஈசியூவின் திருத்தும் வரம்பில் ஒரு பகுதி அதற்கே போய்விடுகிறது. மிச்சத்தை நம்பித்தான் நாம் ஹெடரும் பில்டரும் மாட்டுகிறோம்.

அப்படியானால் டியூன் செய்துவிடலாமே? இங்கேதான் முதல் பதிலின் கோளாறு. டியூனிங் என்ற பெயரில் விற்பது பல நேரம் டியூனிங்கே அல்ல. லேப்டாப்பை மாட்டி, எங்கோ வாங்கிய ‘ஸ்டேஜ் 1’ பைலை ஏற்றிவிட்டு அரை மணியில் அனுப்புகிறார்கள். அந்த பைல் உங்கள் காரின் ஹெடரைப் பார்த்ததில்லை. டீசலுக்கு விற்கும் டியூனிங் பாக்ஸ் இன்னும் மோசம். எரிபொருள் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவு என்று ஈசியூவிடம் பொய் சொல்லி அதிக டீசலைப் பாய்ச்சவைப்பதே பல பாக்ஸ்களின் வேலை. ஈசியூவுக்கே தெரியாமல் டீசல் கூடுவதால், டேஷ்போர்டில் மைலேஜ்கூட ஏறியதாகக் காட்டும். பங்க்கில் பில் போடும்போது உண்மை தெரியும்.

ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் 75 குதிரைத்திறன் தந்தது. அதே இன்ஜினை எர்டிகாவில் 90 ஆக்க, வேறு வகை டர்போவே வைத்தார்கள். பழைய டர்போவை வைத்துக்கொண்டு பைலை மட்டும் மாற்றி அந்த 90ஐத் தாண்டுவதாக ஒருவர் சொன்னால், டர்போவும் கிளட்ச்சும் அதற்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பதில் தப்பில்லை.

முறையான டியூனிங்குக்கு மரியாதை தர வேண்டும். டைனோ உருளைகளில் காரை ஏற்றி, வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, சுமை கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் கலவையையும் ஸ்பார்க் நேரத்தையும் பார்த்துத் திருத்துகிறார்கள். அதற்கு முன் ஹெடர் கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா என்றும் பார்ப்பார்கள். கசிந்தால் வெளிக்காற்றை முகர்ந்த சென்சார் ‘பெட்ரோல் பத்தலை’ என்று தவறாகச் சொல்லும். பழைய டீசல் ஜீப்பில் பம்ப் திருகைக் கூட்டிவிட்டு, கரும்புகை வந்தால் குறைத்துவைத்த நம் மெக்கானிக்குகளும் தங்களுக்குக் கிடைத்த கருவியால் இதைத்தான் செய்தார்கள். இன்று கண்ணும் காதும் மட்டும் போதாது. டைனோவுக்காகக் கோவை, பெங்களூரு பக்கம் போய்வரும் செலவையும் கணக்கில் சேர்த்தால், டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் காருக்குக் கிடைக்கும் கூடுதல் பவர் அந்தக் காசுக்கு ஈடாகாது. டர்போ காருக்குக் கதை வேறு. அங்கே பாகங்களைவிட டியூனிங்தான் பவரைத் தருகிறது.

சட்டம் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பெனி வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டோமே என்பது பதிலாகாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை நின்ற இடத்தில் சுமையில்லாமல் நடப்பது; மலை ஏறும்போது என்ன வருகிறது என்று அது சொல்லாது.

என் கணக்கு இதுதான்: பில்டரும் பின்பக்க சைலன்சரும் மட்டும் என்றால் டியூனிங் காசு வீண். கன்வெர்ட்டரை எடுப்பதை டியூனிங் இருந்தாலும் ஏற்க முடியாது. ஹெடரை மாற்றியவர் அளந்து பார்க்காமல் மலை ஏறக்கூடாது. டியூன் செய்யக் கொடுப்பவர்கள், முன்னும் பின்னும் அளந்த டைனோ தாளையும் காரின் ஒரிஜினல் பைலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் தர முடியாது என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.