ஒற்றை வரப்பா, இரட்டை வரப்பா?

கிரெட்டேசியஸ் காலக் கடலில் மிதந்து வாழ்ந்த ஃபோராமினிஃபெரா ஒற்றைச் செல் உயிர். அதன் சுண்ணாம்பு ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்குள் எத்தனை விதக் கட்டடக்கலை!

இனம் காண்பவர் முதலில் அறைகளின் அடுக்கைப் பார்ப்பார். இரு வரிசையாக மாறி மாறி வளர்ந்திருந்தால் ஹெட்டரோஹெலிக்ஸ் கூட்டம். சுருளாக ஏறியிருந்தால் பார்வை விளிம்புக்குப் போகும். வழவழப்பாக உருண்டிருந்தால் ஹெட்பெர்கெல்லாவாக இருக்கலாம். வயல் வரப்புபோல ஒற்றை மேடு ஓடினால் குளோபோட்ருன்கானிட்டா. இரட்டை மேடு என்றால் குளோபோட்ருன்கானா. ஆனால் அவசரப்படக் கூடாது. மூத்த ரோட்டலிபோராவுக்கும் ஒற்றை வரப்புதான். அறைகள் சேரும் கோடுகளில் திறந்திருக்கும் துணை வாய்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். வரப்பு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது; சாயல் ஒத்தால் உறவாகிவிடாது.

இத்தாலியின் குப்பியோ ஊரருகே உள்ள மலையில் இப்படி இனம் காணும் திறமைக்குச் சோதனை அதிகம். கெட்டிச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஓடுகளை உதிர்த்தெடுப்பது கடினம். கல்லை ஒளி ஊடுருவும் அளவு மெல்லிசாகத் தேய்த்து, வெட்டு முகத்தை வைத்தே இனம் சொல்ல வேண்டும். 1936இல் நிலவியலாளர் ஓட்டோ ரென்ஸ் அப்படித்தான் அங்கே அடுக்குகளைப் பிரித்தார். அங்குள்ள ஒரு மெல்லிய களிமண் படலத்துக்குக் கீழே வரப்புக் கட்டிய பெரிய ஓடுகள். மேலே பொடிப்பொடியான எளிய ஓடுகள் மட்டும். கிரெட்டேசியஸ் காலத்தை முடித்துவைத்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவை இந்த விளிம்புகளே எழுதி வைத்திருக்கின்றன.