பெட்டி பெரிதானால் அலை பெருகுமா?

வீட்டின் ஒரு மூலையில் வைஃபை அலை மெலிந்துவிட்டால், “நான்கு ஆன்டெனா உள்ள ரூட்டர் வாங்குங்கள், சுவரைத் துளைத்துச் செல்லும்” என்பதே கடைகளில் கிடைக்கும் அறிவுரை. பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. ஆகவே இக்கூற்றை இயற்பியலின் உரைகல்லில் சற்றே உரைத்துப் பார்ப்போம்.

முதலில், அட்டைப் பெட்டியின் மேலுள்ள எண். ‘1200’ என்பது நொடிக்கு 1200 மெகாபிட் வேகம் என நம்புகிறோம். உண்மையில் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரிய 300-ஐயும், 5 கிகாஹெர்ட்ஸுக்குரிய 867-ஐயும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண். கைப்பேசியோ பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்தும். ஒரு பேருந்தின் வேகம் 60, மற்றொன்றின் வேகம் 40. எனவே 100 கி.மீ. வேகத்தில் ஊர் சேரலாம் என்பது போன்ற கணக்கு இது! மேலும், அலை எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை இவ்வெண் சொல்வதே இல்லை.

அடுத்து ஆன்டெனா. அது ஆற்றலை உண்டாக்குவதில்லை. டார்ச் விளக்கின் குழியாடியைப்போல, இருப்பதைத் திசைப்படுத்துகிறது. செங்குத்தாக நிற்கும் ‘அதிகப் பெருக்க’ ஆன்டெனா பக்கவாட்டில் கூடுதலாக அனுப்புவதற்கு ஈடாக, மேலும் கீழும் குறைத்துவிடும். மாடியறைதான் நம் குறை என்றால், அது நிலைமையைக் கெடுக்கவும் கூடும். பல ஆன்டெனாக்களால் பயனே இல்லை என்பதன்று. ஆனால் கைப்பேசியும் மறுமொழி அனுப்பியாக வேண்டும். அதன் ஆற்றல் சிறிது. ரூட்டர் மட்டும் உரக்கக் கூவினால் போதுமா?

அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை அலை எட்டாத அறையிலேயே மாட்டுவதும் வீண். நடுவழியில், அலை நன்றாக உள்ள இடத்தில் அது இருக்க வேண்டும். ஒரே வரிசையில் வாங்கி அனுப்பும் வகையில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

பின் என்ன செய்வது? திறந்தவெளியில் தொலைவைப் பாதியாக்கினால் கிடைக்கும் ஆற்றல் 4 மடங்காகிறது. எனவே ரூட்டரை வீட்டின் நடுவே, இரும்பு பீரோவை விட்டு விலக்கி, உயரத்தில் வையுங்கள். சுவர்கள் குறுக்கிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையே மேல். அதற்கும் எட்டாவிட்டால், அந்த அறைவரை ஈதர்நெட் கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது கருவியை வைப்பதே உறுதியான வழி. பழைய ரூட்டரே பெரும்பாலும் அதற்குப் போதும்.

வாங்குமுன் அளந்து பாருங்கள். அலை வலிமையை டெசிபலில் காட்டும் கைப்பேசிச் செயலிகள் உண்டு. ரூட்டரருகே −50, அறையில் −80 என்றால், இழப்பு ஆயிரம் மடங்கு. பெட்டியை இடம் மாற்றி மீண்டும் அளவுங்கள். கடைக்குப் போவது அதன்பிறகு இருக்கட்டும்.